எந்த ரூம் டெம்பரேச்சர்?

கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து அந்தக் கம்பியை எடுத்துத் தேநீருக்குள் விட்டுவிட்டார். பேனா நீளம், தலைப்பக்கம் எண் காட்டும் சின்னத் திரை. சமையலுக்கென்று கடையில் விற்கிற தெர்மாமீட்டர்தான். எண் ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரை கேன்டீன் மேசையில் யாரும் அவரிடம் எதுவும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் காதில் விழாது. எண் நின்றது. உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப குடிச்சா நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும். டீ தெரியாது."

எதிரே உட்கார்ந்திருந்த எலும்பு ஆராய்ச்சிக்காரர் தன் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "என்னோடதுல விட்டுடாதீங்க டாக்டரம்மா. நான் ஆறிப்போச்சுன்னு தெரிஞ்சே குடிக்கிற ஆளு."

"தெரிஞ்சு குடிச்சா சரி. எத்தனை டிகிரின்னு தெரியுமா?"

"அது தெரிஞ்சா குடிக்க மனசு வராதுங்க."

முகத்துக்கு நேரே டாக்டரம்மா. முதுகுக்குப் பின்னால் தெர்மாமீட்டர். இரண்டு பெயரும் அவருக்குத் தெரியும். இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். முதல் பெயரால் தொல்லைதான். எங்கள் குடியிருப்பில் யாருக்குச் சளி பிடித்தாலும், முழங்கால் பிடித்தாலும் அவர் வீட்டு மணிதான் முதலில் அடிக்கும். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். ஆனால் வந்தவர் திரும்பும்போது மனசு கேட்காது. "ஜுரம் இருக்கா? எத்தனை?" என்பார். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டி, மிகுந்த திருப்தியோடு வேறு டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவார்.

குள்ளமான உருவம். நாற்பதைத் தாண்டியிருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது அங்கே இருப்பது மறந்து இன்னொன்று தேடுவார். ஊருக்கெல்லாம் சூடு சொல்கிற அவருக்கு உள்ளூரக் குளிர். ஏசி ஓடும் ஆய்வகத்தில் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்குமேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கட்டிவைத்த பஞ்சு மூட்டை மாதிரி நடந்து வருவார். மேல் ஸ்வெட்டரின் இடது முழங்கை மட்டும் தேய்ந்து, உள் ஸ்வெட்டரின் பச்சை எட்டிப் பார்க்கும். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது அந்த முழங்கையைத்தான் இரும்பு மேசையில் ஊன்றிக்கொள்வார்.

நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே உட்கார்ந்து, விஞ்ஞானிகள் எழுதுவதை மற்ற மனிதர்கள் படிக்கும்படி திருத்திக் கொடுக்கிறேன். அவரைப் போலவே நானும் வெளியூர் ஆள். வேலை இருக்கும்வரைதான் ஊர். தபால்காரர் கொஞ்சம் பலமாகத் தட்டினாலே பரணில் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அவருக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: "அறை வெப்பநிலையில் அளக்கப்பட்டது" என்ற வாக்கியம்.

வெளியிலிருந்து யார் உரையாற்ற வந்தாலும் அவர் முன்வரிசையில் இருப்பார். பேச்சாளர் படம் படமாகக் காட்டி, கைதட்டல் வாங்கி, தண்ணீர் குடிக்கும்போது பஞ்சு மூட்டை எழுந்து நிற்கும். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ரூம் டெம்பரேச்சர்னு போட்டிருக்கீங்க. எந்த ரூம்?" வந்தவர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார். "இல்லைங்க, நிஜமாத்தான் கேக்குறேன். ஜன்னல் எந்தப் பக்கம்?" பெரிய பெரிய மனிதர்கள் அந்த மேடையில் நின்று, தங்கள் ஆய்வகத்து ஜன்னலை ஞாபகப்படுத்திக்கொள்ள முடியாமல் கூரையைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய தொழில் கதவுகளைப் பற்றியது. நம் இதயத்தின் ஒவ்வொரு செல்லின் தோலிலும் பொட்டாசியம் வெளியேறுவதற்கென்று நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அவை திறந்து, பொட்டாசியம் வெளியே போனால்தான் செல் அமைதியாகும்; அடுத்த துடிப்புக்குத் தயாராகும். மின்சாரம் கூப்பிட்டால் கதவு திறக்கும். கூப்பிடுவது நின்றால் மூடும். இதுவரை எல்லாம் சரி. விசித்திரம் என்னவென்றால், கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போதே சில கதவுகள் தாமாக அடைத்துக்கொண்டுவிடும். புத்தகங்களில் இதைச் செயலிழத்தல் என்று எழுதுகிறார்கள். டாக்டரம்மாவின் சொல் வேறு. "அசந்துடுது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிங்க," என்று ஒருமுறை விளக்கினார். "கூப்பிட்டா வருவார். சோபால உட்காருவார். நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன், ஆளு அசந்துடுவார். பேச்சு நின்னதால தூங்கலை, பாத்துக்கங்க. பேச்சு நடக்கும்போதே தூங்குறார். அதான் விஷயம். அதுலயும் ஹீட்டர் போட்டிருந்தா சீக்கிரம் அசந்துடுவார். கதவும் அப்படித்தான். சூடு ஏற ஏற, திறக்கிறதும் வேகம், அசந்துபோறது அதைவிட வேகம்."

உதாரணமாக ஆக்கப்பட்ட மனிதர் அப்போது பக்கத்திலேயே இருந்தார், விழித்தும் இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஏங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க," என்றார் என்னிடம். "ஆள் பட்டனை அமுக்கிட்டு நிக்கும்போதே லிஃப்ட்டு கதவு மூடிக்கிட்டா எனக்கு போன் வரும், திட்டு வரும். அதே இவளுக்கு நடந்தா ஆராய்ச்சின்னு சம்பளம் வருது. என்ன உலகம் இது?"

"நீங்க சரி பண்ணிடுறீங்க. நான் ஏன்னு கேக்குறேன்."

"ஏன்னு கேட்டுக்கிட்டு நின்னா, உள்ள இருக்கிறவன் செத்துடுவான்மா."

பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் ஹீட்டரின் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண். அந்த வீட்டின் வெப்பநிலை மட்டும் டாக்டரம்மாவின் அதிகாரத்தில் இல்லை. குளிக்கிற தண்ணீரில் அம்மா கம்பியை விட வந்தால், "நான் உன் செல் இல்லைம்மா, எனக்கே சுடும், நானே சொல்லுவேன்" என்று கதவைச் சாத்திவிடுவாள்.

ஆய்வகத்தில் அவருடைய ராஜ்யம் ஓர் அலமாரி அளவு. அதிர்வு தாங்கும் கனத்த இரும்பு மேசை, அதன்மேல் மைக்ராஸ்கோப், அதைச் சுற்றி, வெளி மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராமல் இருக்க, மூன்று பக்கமும் செம்பு வலைக் கூண்டு, முன்பக்கம் கறுப்புத் திரை. திரைக்குள் தலையை நீட்டிவிட்டால் பழைய காலத்துப் போட்டோக்காரர் மாதிரி இடுப்புக்குக் கீழேதான் தெரிவார். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின்மேல் கொண்டுபோய் வைத்து, தன் வாயால் மிக லேசாக உறிஞ்சி அதை ஒட்டவைப்பார். ஒட்டிவிட்டால் அந்த ஒரு செல்லின் மின்சாரம் கணினித் திரையில் கோடாக எழும். செங்குத்தாக ஏறி, பிறகு சறுக்கு மரத்தில் இறங்குகிற பிள்ளை மாதிரி வழுக்கி இறங்கும். அந்த இறக்கம்தான் கதவுகள் அசந்துபோகும் வேகம். திரைக்குள்ளிருந்து குரல் கேட்கும்: "வாடா கண்ணு. அப்படித்தான். என்ன அவசரம்? அதுக்குள்ள அசந்துட்டியா?" முதன்முறை கேட்டபோது உள்ளே யாரோ குழந்தை இருக்கிறதென்று நினைத்து, நான் காலணியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போனேன்.

செல்களை அவருக்குக் கொடுப்பவர் வேறு. கூடத்தின் மறுகோடியில், சுவரில் சின்னச் சதுர ஜன்னல் வைத்த செல் வளர்ப்பறை. அதற்குள் முகக்கவசமும் நீலத் தொப்பியுமாக இருப்பவரைத் தளம் முழுக்க வளர்ப்புத்தாய் என்றுதான் கூப்பிடும். நாலு பிள்ளைகளை வளர்த்தவர். செல்களையும் அதே குரலில் அதட்டுவார். "உங்க சமத்துங்க இந்தாங்க. நேத்து ஊட்டினது நல்லா ஒட்டியிருக்கு" என்று வட்டக் கிண்ணத்தை ஜன்னல் வழியாகத் தள்ளுவார். நீல மூடி போட்ட கிண்ணத்தில் சாதாரணக் கதவு உள்ள செல்கள். சிவப்பு மூடியில் கோணல் கதவு.

கோணல் கதவு என்பது டாக்டரம்மாவின் பெரிய விஷயம். ஒரு குடும்பத்தில் சிலருக்கு இதயம் தாளம் தப்புகிறது. அவர்களுடைய பொட்டாசியக் கதவாக மடிந்திருக்கும் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து மாறியிருக்கிறது. தப்புக்குக் காரணம் அதுதானா? அந்த மாறிய கதவைச் செல்களில் வளர்த்துச் சோதித்ததில், அது சாதாரணக் கதவைவிட வேகமாக அசந்துபோகிறது என்று தெரிந்தது. ஒரு நாள் இரு நாள் இல்லை. மாதக்கணக்காகச் செய்த அத்தனை சோதனையிலும் அதே. ஆய்வகத் தலைவர் கூட்டங்களில் இதைத் தன் மகள் கல்யாணச் செய்தி மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். கட்டுரை எழுதப்பட்டு என் மேசைக்கு வந்தது.

அந்தக் கட்டுரையில் வேறொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா இங்கே வந்ததிலிருந்து வருடா வருடம் புதுப்பிக்கிற வேலையில்தான் இருக்கிறார். நிரந்தர வேலை ஒன்று காலியாகியிருந்தது. கட்டுரை இருந்தால் அது அவருக்குத்தான் என்று எலும்பு ஆராய்ச்சிக்காரர்கூடச் சொன்னார். அவரும் அதற்கு விண்ணப்பித்திருந்தவர். கிடைக்கவில்லையென்றால் புதுப்பிப்பும் கிடையாது, ஊரும் கிடையாது. மகள் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாகச் சிநேகிதிகள் என்று சிலரைச் சம்பாதித்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும், "எந்த ஊர்லயும் மாடி இருக்கும். மாடி இருந்தா எனக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பார், வீட்டை விட்டுப் போக மனமில்லாதவர் மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் வளர்ப்புத்தாயின் கடைசி மகனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து காலையில் வரச்சொல்லி அழைப்பு வந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எப்போதோ யாரோ இரண்டு வகைச் செல்களையும் ஒரே மேசையில் வைத்துக் குழப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து இந்தத் தளத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிற மூடிதான் வெளியே வரலாம். காலையில் நீலம், சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஏன் என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டவரும் கேட்டதில்லை. அன்று மட்டும் வளர்ப்புத்தாய்க்கு நீலத்தைத் தயார் செய்ய நேரமில்லை. "சிவப்பு ரெடியா இருக்கு, அதை இப்ப பாத்துடுங்க. நீலம் மத்தியானம் தர்றேன். வாத்தியார்கிட்ட திட்டு வாங்கிட்டு ஓடி வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் திரைக்குள்ளிருந்து கொஞ்சல் எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, கோட்டு பறக்கக் கூடத்தைக் கடந்து, சதுர ஜன்னலைத் தட்டினார். கையெழுத்து வாங்க வந்த நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அக்கா, மூடியை மாத்திட்டீங்க."

"எதை?"

"காலைல சிவப்பு சாவகாசமா அசந்துச்சு. இப்ப நீலம் ஓடி ஓடி அசந்துபோகுது. தலைகீழா இருக்கு. அவசரத்துல மாத்திப் போட்டிருக்கீங்க."

வளர்ப்புத்தாய் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். "டாக்டரம்மா, எனக்கு நாலு பிள்ளைங்க. நாலு பேருக்கும் ஒரே மூக்கு. பிறந்த அன்னைலேருந்து ஒருத்தனை இன்னொருத்தன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

"நான் அப்படிச் சொல்லலைக்கா..."

"அப்படித்தான் சொன்னீங்க. நாளைக்குக் காலைல நீங்களே உள்ள வாங்க. கண்ணு முன்னாடி எடுத்துத் தர்றேன். அப்புறம் பேசுவோம்."

ஜன்னல் மூடியது. மறுநாள் டாக்டரம்மா தொப்பி, கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய், நீல மூடிக் கிண்ணங்களைத் தானே எடுத்து வந்தார். காலையில் பார்த்தார்: சாவகாசமாக அசந்தன. சிவப்பைத் தொடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகும் அதே நீலத்தையே பார்த்தார்: ஓடி ஓடி அசந்தன.

நான் மாலையில் போனபோது கறுப்புத் திரை முழுக்க ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை வந்ததும் போட்டு, மாலை போகும்போது அணைக்கிற விளக்கு. தேநீர்க் கம்பி அதன் கீழே இருந்த கிண்ணத்தில் நின்றது.

"இங்க வந்து பாருங்க. இது கிண்ணம்." எண்ணைக் காட்டினார். கம்பியை எடுத்துத் துடைத்து, கூண்டுக்கு வெளியே ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் தொங்கிய, குழாய் வழியாகக் கிண்ணத்துச் செல்களுக்குப் போகும் கரைசல் பாட்டிலில் விட்டார். எண் சரசரவென்று கீழே இறங்கியது. "இது பாட்டில். நான் தினமும் அளந்தது இதை."

"கிண்ணத்தை ஏன் அளக்கலை?"

"உள்ள கம்பி போட்டா ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுத்துக்கும். திரைல கோடு நடுங்கும். பாட்டில்தானே கிண்ணத்துக்கு வருதுன்னு விட்டுட்டேன். காலைல கூண்டு சில்லுனு இருக்கு. இந்த விளக்கு எரிய எரிய உள்ள எல்லாம் வெதுவெதுன்னு ஆயிடுது. காலைல நீலம், மத்தியானம் சிவப்பு." கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, அதைப் பார்த்தார், திரும்பச் செருகினார். "இத்தனை மாசமா நான் கண்டுபிடிச்சது கோணல் கதவை இல்லைங்க. மத்தியானத்தை."

ஊரில் ஒரு பேச்சாளர் பாக்கியில்லாமல் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டவர். தன் கூண்டுக்குள் ஒரு சூரியனை ஏற்றிவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். சிரிக்கலாமா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே ஆரம்பித்துவைத்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நிரந்தர வேலைக்கான நேர்காணல். கட்டுரை என் மேசையில் இருந்தது, மறுநாள் அனுப்பவேண்டும். யாருக்கும் தெரியாது. கோபித்துக்கொண்டிருந்த வளர்ப்புத்தாய்க்கும் தெரியாது. "கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்துவிடலாமே," என்றேன். "'வெப்பநிலையில் நேர்ந்திருக்கக்கூடிய சிறு வேறுபாடுகளின் பங்கை முற்றிலும் புறந்தள்ளிவிட இயலாது' என்பது போல."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "நீங்க பயந்தா உங்க மொழி எவ்வளவு அழகா வருது!" பிறகு சொன்னார்: "அந்தக் குடும்பத்துல ஒரு அம்மா இருக்காங்க. பிள்ளைக்கு இதுனாலதானான்னு கேட்டு ஆஸ்பத்திரி வழியா ரெண்டு தடவை விசாரிச்சாங்க. அவங்ககிட்ட போய் உங்க கதவு கோணல்னு நாம சொல்லணும். கோணலா இருந்தா சொல்லலாம். விளக்கு சூடுன்னா?"

ஆய்வகத் தலைவர் நல்ல மனிதர். நல்ல செய்தியை மட்டுமே கேட்டுப் பழகியவர். கட்டுரையின் பிரதி என் கையில் இருந்ததால் என்னையும் அழைத்துக்கொண்டு போனார் டாக்டரம்மா. அவர் சொல்லி முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலஞ்சு டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசம் வருமாம்மா?"

"மத்ததுக்கு வராது சார். அசந்துபோறதுக்கு வரும். என் பழைய ஆராய்ச்சியே அதுதான்."

"உலகத்துல எல்லாரும் ரூம் டெம்பரேச்சர்லதான் பண்றாங்க."

"எந்த ரூம் சார்?" என்று சொல்லிவிட்டார். வாய் பழக்கம். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த வாரம் இன்டர்வியூ. இந்தக் கட்டுரை இல்லாம போனா லிஸ்ட்டுல நீ எங்க இருப்பேன்னு தெரியுமா?"

"கீழ சார்."

"கீழ இல்லைம்மா. வெளிய."

"சரி சார்."

"என்ன சரி? நான் சொல்றதுக்குக் கொஞ்சம் சண்டையாவது போடு."

"நீங்க சொல்றது சரிதானே சார். எப்படிச் சண்டை போடுறது?"

அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசியது கொஞ்சம். தலைவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து குளிர்காலம் முடியும்வரை சம்பளம் தருவதாகச் சொன்னார். அதற்குள் கோணல் கதவு உண்மையிலேயே கோணலா இல்லையா என்று தெரிந்தாகவேண்டும். கோணல் என்றால் மறுபடி பேசலாம். இல்லையென்றால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டுரையை என் கையிலிருந்து வாங்கி, இழுப்பறையில் போட்டு மூடினார். அந்தச் சத்தத்துக்கு நான்தான் திடுக்கிட்டேன்.

வீட்டில் செய்தி சொல்லும்போதும் நான் இருந்தேன். அவரோடு லிஃப்டில் ஏறியவன் என் மாடியில் இறங்க மறந்துவிட்டேன். கணவர் சோபாவில் சாய்ந்திருந்தார். அவர் கதை முழுவதையும் ஒரு முறைகூட அசராமல் கேட்டார்.

"அதாவது, ஓடிட்டிருக்கிற லிஃப்ட்டு ரிப்பேருன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆமாங்க."

"போர்டு மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"அப்ப வந்து சாப்பிடு." எழுந்து தட்டை எடுத்து வைத்தவர், என்னைப் பார்த்து, "நீங்களும்தான். உங்க மூஞ்சியைப் பாத்தா உங்களுக்குத்தான் வேலை போன மாதிரி இருக்கு" என்றார். மகள் எழுந்தாள். அறைக்குள் போய் ரிமோட்டைக் கொண்டுவந்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நிரந்தர வேலை எலும்பு ஆராய்ச்சிக்காரருக்குப் போனது. கேன்டீனில் அவர் வெட்கத்தோடு தன் கோப்பையை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார். "இன்னைக்கு வேணும்னா விட்டுக்கங்க." டாக்டரம்மா மரியாதையாகக் கம்பியை விட்டு, எண்ணைப் படித்து, "ஆறிப்போச்சு, வேற வாங்கிக் குடிங்க. வேலை கிடைச்ச ஆளு சூடாக் குடிக்கணும்" என்றார்.

பிறகு அவர் கூண்டையே மாற்றினார். விளக்கைக் கழற்றி வெளியே தள்ளி வைத்து, வெளிச்சத்தை மட்டும் ஒரு கண்ணாடி இழை வழியாக உள்ளே கொண்டுவந்தார். கிண்ணத்தின் அடியில் சூடேற்றும் தகடு வைத்தார். கிண்ணத்துக்குள் செல்லுக்குப் பக்கத்திலேயே அளக்கும் கம்பி. அது இரைச்சலை இழுக்காமல் இருக்க, உணவு சுற்றும் அலுமினியத் தாளைச் சுற்றி, எர்த் கம்பியால் மண்ணோடு இணைத்த ஏற்பாடு. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கம்பி இழுத்தபோது இரண்டு ஸ்வெட்டரிலும் எண்ணெய்க் கறை. இனிமேல் எல்லாம் முப்பத்தேழு டிகிரியில்தான் என்று முடிவு செய்திருந்தார். "எந்த இதயமும் ஏசி ரூம்ல துடிக்கிறதில்லைங்க" என்றார் மேசைக்கு அடியிலிருந்து. அந்தச் சூட்டில் செல்கள் அதிக நேரம் தாங்காது. கண்ணாடிக் குழாயின் பிடி சட்டென்று விட்டுவிடும். பத்தைப் பிடித்தால் ஒன்று நிற்கும்.

ஒரு வாரம் போராடிப் பார்த்ததில், நீலக் கோடும் சிவப்புக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வழுக்கி இறங்கின. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லில்தான் சிக்கல். சிவப்பு ஒரு துளி முந்துகிற மாதிரித் தெரிந்தது. சில நாள் தெரியவில்லை. திரையில் முகத்தை வைத்துத் தேய்க்காத குறையாகப் பார்ப்பார்.

"இருக்கிற மாதிரித் தெரியுதே," என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"எனக்கும் தெரியுது. அதான் பயமா இருக்கு." அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். "எனக்கு இது இருக்கணும். மகளுக்கு ஸ்கூல் வேணும், எனக்கு இந்த ஊர் வேணும். இவ்வளவு ஆசை இருக்கிற கண்ணை வெச்சு நான் எதை அளந்தாலும் அது நிக்காது."

மறுநாள் காலை நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். டாக்டரம்மா சதுர ஜன்னலைத் தட்டினார். திறந்தது. அந்த மூடி விவகாரத்துக்குப் பிறகு வளர்ப்புத்தாய் கிண்ணங்களை மட்டும்தான் தள்ளுவார், வார்த்தைகளைத் தள்ளுவதில்லை.

"அக்கா, உங்க மேல தப்பு சொன்னேன். என் விளக்குதான் தப்பு."

"தெரியும். தளம் பூரா தெரியும்."

"இனிமே எது நீலம், எது சிவப்புன்னு எனக்குச் சொல்லாதீங்க. கேட்டாலும் சொல்லாதீங்க. கெஞ்சினாலும் சொல்லாதீங்க. குளிர்காலம் முடியுறவரைக்கும் அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"தலைகீழா வந்துட்டா என் மேல பாயமாட்டீங்களே?"

"மாட்டேன்."

"என்ன வந்தாலும்?"

"என்ன வந்தாலும் நீங்க குடுத்ததுதான்."

உள்ளே மூடிகள் உரசும் சத்தம் கேட்டது. வளர்ப்புத்தாய் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ மாற்றி மாற்றி வைத்தார். தோள்கள் அசைவது மட்டும் தெரிந்தது. திரும்பியபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு கிண்ணம் இருந்தது. டாக்டரம்மா அதற்குள் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் வெள்ளை மூடிதான் போட்டிருக்கேன் டாக்டரம்மா. கண்ணைத் திறந்தாலும் ஒண்ணும் தெரியாது."

"இருக்கட்டும்க்கா. வைங்க."

தேய்ந்த முழங்கை ஜன்னல் விளிம்பில் ஊன்றியிருக்க, கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்தி உள்ளே நீட்டினார்.